விட்டலின் மட்டையும் நந்தனாரின் தீயும்

பிறப்பால் வரும் உயர்வு தாழ்வை மறுப்போர் காலங்காலமாகக் கையாண்டுவரும் வாதம், ஒருவனுடைய மதிப்பை அவன் குலத்தைக் கொண்டு அளக்காமல் அவன் செயலைக் கொண்டு அளக்க வேண்டும் என்பதாகும். கேட்ட மாத்திரத்தில் எவரும் தலையசைக்கும் இவ்வாதத்துக்குள், அதை முன்வைப்போர் பெரும்பாலும் கவனியாமல் விடும் ஒரு சிக்கல் இருக்கிறது: செயலால் சிறந்தவனுக்கு வாசல் திறக்கும் என்றால், சொல்லிக்கொள்ளும்படியான சிறப்பு ஏதுமின்றிப் பத்தோடு பதினொன்றாக வாழ்ந்து மறையும் மனிதனுக்கு அந்த வாசல் மூடியேதான் இருக்குமா? மனிதன் என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைக்க வேண்டியதை ஆற்றலை விலையாகக் கொடுத்துத்தான் பெற முடியும் என்றால், அதை மதிப்பு என்பதா, கூலி என்பதா? சமயவாதிகள் இதே கேள்வியை இறைவனின் அருளை முன்வைத்துப் பல நூற்றாண்டுகள் விவாதித்திருக்கிறார்கள். தகுதி பெற்றவனுக்குத் தரப்படுவதே அருளா, தகுதி பாராது வருவதே அருளா என்பது சைவ, வைணவ நூல்கள் இரண்டிலும் தீராத வழக்கு. அவ்வழக்குக்குத் தேவையான சான்று ஒன்று, அந்நூலாசிரியர்கள் எண்ணிப் பார்த்திராத இடத்தில், பம்பாய்க் கிரிக்கெட் திடலில் கிடைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் அங்கே மட்டை பிடித்தவர்களுள் சிறந்தவர் என்று பெயர் பெற்ற பல்வங்கர் விட்டலின் ஆட்ட வாழ்க்கையே அந்தச் சான்று.

பாலூ, சிவராம், விட்டல், கண்பத் என்னும் நான்கு சகோதரர்களுள் விட்டல் மூன்றாமவர். தோல் பதனிடுதல், செருப்புத் தைத்தல் ஆகிய தொழில்களோடு பிணைக்கப்பட்டுத் தீண்டத்தகாதது என ஒதுக்கப்பட்ட சாதியில் அக்குடும்பம் பிறந்தது. தந்தை பிரிட்டிஷ் படையில் சிப்பாயாக இருந்ததால் புனே நகரின் படைக் குடியிருப்பில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். மூத்தவரான பாலூ முதலில் பார்சிகளின் சங்கம் ஒன்றில் மாதம் 3 ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு ஐரோப்பியர்களின் புனே ஜிம்கானாவுக்கு மாறினார். ஜிம்கானா என்பது அக்காலத்தில் விளையாட்டுத் திடலும் உறுப்பினர் கூடமும் சேர்ந்த சங்கத்தைக் குறித்தது. அங்கே வெள்ளை அதிகாரிகள் பயிற்சி செய்யும்போது அவர்களுக்குப் பந்து வீசிக் கொடுத்துப் பழகிய பாலூ, இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசும் கலையில் இந்தியாவிலேயே ஈடில்லாதவராக உயர்ந்தார். 1911இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்துக்குச் சென்ற முதல் அனைத்திந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றுத் திரும்பியது. ஆனால் பாலூ மட்டும் அப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார்.

பம்பாயில் அந்நாளில் நடந்த பெரும்போட்டி, இன்றைய வாசகருக்கு விநோதமாகத் தோன்றும்படி, மதத்தின் பெயரால் அணி பிரித்து ஆடப்பட்டது. ஐரோப்பியரும் பார்சிகளும் 1892 முதல் ஆடிவந்த ஆட்டத்தில் 1907இல் இந்துக்கள் சேர்ந்ததால் அது மும்முனைப் போட்டி ஆயிற்று; 1912இல் முஸ்லிம்கள் சேர நான்முனைப் போட்டியாக வளர்ந்தது; 1937இல் கிறித்தவர் முதலானோரைக் கொண்ட ‘ஏனையோர்’ அணியும் சேர்ந்து ஐம்முனை ஆகி, 1946இல் கைவிடப்பட்டது. சென்னையில் சேப்பாக்கம் திடலில் 1915 தொடங்கி ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நடந்த மாகாண ஆட்டம் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையில் மட்டுமே நடந்தது. அங்கே இனம் பிரித்ததே ஒழிய மதம் பிரிக்கவில்லை. பம்பாயில் மதம் பிரித்தபோது, பிரித்தவர்கள் எதிர்பாராத கேள்வி ஒன்று தானாக முளைத்தது: இந்து அணியில் ஆட இந்து யார்?

இக்கேள்வி வெறும் சொற்போர் அல்ல. 1910இல், அடுத்த ஆண்டுக் குடிமதிப்பு தொடர்பாக, குடிமதிப்பு ஆணையர் கெய்ட் வெளியிட்ட சுற்றறிக்கை, யாரை இந்து என்று கணக்கிடுவது என்பதற்குச் சில அளவுகோல்களை முன்வைத்தது. பெருங்கோயிலின் உள்ளே செல்ல அனுமதி உண்டா, பிராமணப் புரோகிதர் அவர்களுக்குச் சடங்கு செய்கிறாரா, அவர்கள் தொட்டால் தீட்டு உண்டாகிறதா என்பவை அவற்றுள் அடங்கும். அந்த அளவுகோல்களை அப்படியே கைக்கொண்டால் பாலூவும் விட்டலும் இந்து அணியில் நிற்க இடமில்லை. ஆனால் ஐரோப்பியரை வெல்ல வேண்டிய நாளில் பாலூ இந்துவாகத்தான் வேண்டியிருந்தது. ஆகவே இந்துவாக அவர் ஏற்கப்பட்டார். ஏற்கப்பட்ட விதந்தான் கவனிக்கத் தக்கது. புனேயில் தேநீர் இடைவேளையின்போது அணியின் மற்றவர்கள் ஆட்டக்கூடத்துக்குள் அமர்ந்து பீங்கான் கோப்பைகளில் அருந்த, பாலூவுக்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடக் கூடிய மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவும் தனியே பரிமாறப்பட்டது.

அதே நாளில், அதே திடலில், அவர் கையிலிருந்து மற்றவர் கைக்கும் மற்றவர் கையிலிருந்து அவர் கைக்கும் ஓயாமல் சென்றுகொண்டிருந்த பொருளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கிரிக்கெட் பந்தின் நடுவே தக்கை இருக்கும்; அதன்மேல் நூல் இறுகச் சுற்றப்பட்டிருக்கும்; அதற்கும் மேலே சிவப்புச் சாயம் ஏற்றிய மாட்டுத்தோல் போர்த்தி, ஆறு வரிசைத் தையலால் பூட்டப்பட்டிருக்கும். தோலைப் பதனிடுவதாலேயே தீட்டுடையவர் என ஒதுக்கப்பட்ட குலத்தவர் ஒருவர், தோலால் ஆன பந்தைத் தம் வியர்வை படியத் துடைத்து எறிய, வேதம் ஓதும் குலத்தில் பிறந்தவர் ஒருவர் அதை இரு கைகளாலும் தாவிப் பிடித்து மகிழ்ந்தார். பந்தில் ஒட்டாத தீட்டு கோப்பையில் ஒட்டியது என்றால், தீட்டு பொருளின் இயல்பிலும் இல்லை, தொடுகையின் இயல்பிலும் இல்லை. எந்த இடத்தில் வரிசை காக்கப்பட வேண்டும் என்று உயர்ந்தோர் முடிவு செய்தார்களோ அந்த இடத்தில் மட்டுமே அது இருந்தது. தீட்டைப் பற்றி எழுதப்பட்ட தருமநூல் உரைகள் அனைத்தையும்விட அந்த மண் குவளை தெளிவான விளக்கம் தருகிறது.

பாலூ பந்து வீசினார். விட்டல் மட்டை பிடித்தார். இரண்டும் ஒரே ஆட்டத்தின் இரண்டு கூறுகள் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். அன்று அவை ஒன்றல்ல. பந்துவீச்சு உடலை வருத்தும் உழைப்பு. கூலி கொடுத்து அதை வாங்கலாம். மட்டை பிடிப்பது கனவான்களின் கலை. புனே ஜிம்கானாவில் நாள் முழுவதும் பந்து வீசிய பாலூவின் கையில் ஒருநாளும் மட்டை கொடுக்கப்படவில்லை. வேதாந்த நூல்களில் ‘அதிகாரம்’ என்றொரு கலைச்சொல் உண்டு. ஒரு கல்விக்கோ சடங்குக்கோ ஒருவன் உரியவனா என்னும் தகுதிப்பாட்டை அது குறிக்கும். பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் வரும் ஒரு பகுதி, வேதத்தின் வழியே பிரம்மத்தை அறியும் அதிகாரம் சூத்திரருக்கு உண்டா என்று கேட்டு, இல்லை என்று முடிக்கிறது. பல இடங்களில் ஒருவரையொருவர் கடுமையாக மறுக்கும் சங்கரரும் இராமாநுசரும் இந்த ஓர் இடத்தில் ஒத்துப்போகிறார்கள். உழைக்க ஒருவன் உரியவன், அறிய உரியவன் அல்லன் என்னும் அந்தப் பிரிவினையே, திடலில், பந்து வீச உரியவன், மட்டை பிடிக்க உரியவன் அல்லன் என்று வேறு உருவில் நின்றது. அந்த அதிகாரத்தைக் கைப்பற்றியவர் என்ற வகையில்தான் விட்டலின் மட்டைக்கு அண்ணனின் பந்துக்கும் இல்லாத ஒரு பொருள் கிடைக்கிறது.

மட்டைக்கு அடுத்த படி, தலைமை. அணித்தலைவர் என்பவர் களத்தில் மற்றவர்களை ஏவுபவர். உயர்ந்த குலத்தினர் பத்துப் பேரை ஒதுக்கப்பட்ட குலத்தவர் ஒருவர் ஏவுவதைக் கற்பனை செய்வதே பலருக்குக் கடினமாக இருந்தது. பாலூவின் பெயர் ஆண்டுதோறும் பேசப்பட்டும், தலைமை அவருக்கு வரவில்லை. 1920இல் நான்முனைப் போட்டியின் தொடக்க ஆட்டத்துக்குப் பாலூவே அணியிலிருந்து நீக்கப்பட்டார். நியமிக்கப்பட்டிருந்த தலைவர் எம்.டி. பை நோயுற்றபோது, அனுபவத்தில் மூத்த விட்டலையோ சிவராமையோ கருதாமல், இளையவரான டி.பி. தேவ்தரிடம் தலைமை ஒப்படைக்கப்பட்டது. சகோதரர் இருவரும், சாதியை முன்னிட்டே இது நிகழ்ந்தது என்று வெளிப்படையாக அறிக்கை விட்டு விலகினார்கள். ஊர் பேசியது, பத்திரிகைகள் எழுதின, பை உடல் தேறித் திரும்பியதும் சகோதரர்கள் மீண்டும் அழைக்கப்பட்டுப் பாலூ துணைத்தலைவர் ஆக்கப்பட்டார். இறுதியாட்டத்தில் பை சிறிது நேரம் களத்தை விட்டு வெளியேறியபோது, அந்தச் சிறிது நேரம் பாலூ தலைமை தாங்கினார். அவருக்குக் கிடைத்தது அவ்வளவே.

1923இல் விட்டல் இந்து அணியின் தலைவர் ஆனார். அவ்வாண்டு இறுதியாட்டத்தில் ஐரோப்பியரை வென்றது அந்த அணி. வெற்றி பெற்ற தலைவரை, அவர் நிழல் பட்டாலும் தீட்டு என்று கருதிய குலங்களைச் சேர்ந்தவர்களும் உட்பட, கூட்டம் தோளில் தூக்கிச் சுமந்தது. 1948இல் மராட்டியில் வெளிவந்த தம் விளையாட்டு வாழ்க்கை நூலில் விட்டல் இதையெல்லாம் நினைவுகூர்ந்திருக்கிறார். காந்தியர்களும் சீர்திருத்தவாதிகளும் அன்றே இந்நிகழ்ச்சியைத் தீண்டாமை ஒழிப்பின் அடையாளமாகக் கொண்டாடினார்கள். அக்கொண்டாட்டம் பொய்யானது என்று தள்ளிவிட முடியாது. கூடத்துக்கு வெளியே மண் குவளையோடு நின்ற குடும்பம் முப்பது ஆண்டுகளுக்குள் தோள்களின்மேல் ஏறியது சிறிய மாற்றமன்று. ஆனால் அடுத்த ஆண்டு, 1924 மார்ச் மாதத்தில், வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே போராட்டம் தொடங்க வேண்டியிருந்தது. அங்கே நடக்க விரும்பியவர்கள் கிரிக்கெட் ஆடத் தெரியாதவர்கள். பம்பாயில் கூட்டம் செய்தது, கதவைத் திறந்த செயல் ஆகாது. கதவு பூட்டியபடி இருக்க, ஒருவரை மட்டும் மதில்மேல் தூக்கி உள்ளே இறக்கிய செயல்.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் நந்தனார் நினைவு வருவது இயல்பு. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்று போற்றப்படும் அவர், கொள்ளிடக் கரையைச் சேர்ந்த மேற்காநாட்டு ஆதனூரின் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில்களின் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளிப்பது அவர் தொண்டு. பாலூவின் பந்தைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்: அவர் கொடுத்த தோல் கருவறைக்கு அருகே முழங்கியது, அவர் வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் அவர் காணும்படி நந்தி விலகியது. தில்லையில் அது போதவில்லை. எல்லையைப் பலமுறை வலம் வந்து உள்ளே செல்ல அஞ்சி நின்றவரை, தீயில் மூழ்கி வருமாறு இறைவன் கனவில் பணித்ததாகவும், தீயிலிருந்து அவர் வெண்ணூலும் சடைமுடியும் விளங்க முனிவர் வடிவில் எழுந்து, அம்பலத்துள் புகுந்து மறைந்ததாகவும் புராணம் சொல்கிறது. பிற்காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், சேக்கிழார் சொல்லாத பண்ணையார் ஒருவர் வந்து சேர்ந்து, கதையில் அடிமைத்தனமும் இடம்பெற்றது.

நந்தனாரைப் பற்றி வழக்கமாக எழும் குறை, தீ எதற்கு என்பது. அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. தில்லைக்குள் நுழைந்தவர் ஆதனூர்ப் புலையர் அல்லர். தீ அவரை முந்நூல் அணிந்த முனிவராக மாற்றிய பின்பே வாயில் திறந்தது. விலக்கு விதி அப்படியே இருக்க, விலக்கப்பட்டவர் வேறொருவர் ஆக்கப்பட்டார். விட்டலுக்கும் நிகழ்ந்தது ஏறக்குறைய இதுவே: தோளில் ஏறியவர் ஒதுக்கப்பட்ட குலத்தவர் என்ற நிலையில் ஏறவில்லை, ஐரோப்பியரை வீழ்த்திய அணித்தலைவர் என்ற வேறு வடிவில் ஏறினார். அவருடைய தீ, இருபது ஆண்டு ஆட்டம்.

இந்தக் கதைக்கு எதிர்க்கதை ஒன்றும் அதே பெரியபுராணத்தில் இருக்கிறது. அதைக் கல்லில் காண வேண்டுமானால் ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் போதும். கங்கைகொண்ட சோழபுரத்தில், பதினொன்றாம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திரன் எடுத்த பெருங்கோயிலின் வடபுறப் படிக்கட்டை ஒட்டிய சுவரில், சண்டேசருக்கு இறைவன் அருளும் சிற்பம் இருக்கிறது. உமையோடு அமர்ந்த சிவபெருமான் சற்றே குனிந்து, கீழே கைகூப்பி அமர்ந்திருக்கும் சிறுவனின் தலையில் கொன்றை மாலையைத் தம் கைகளாலேயே சுற்றுகிறார். சிறுவனின் முகத்தில் வெற்றிக் களிப்பு ஏதுமில்லை, தலை தாழ்ந்திருக்கிறது. சேய்ஞலூரில் அந்தணர் குலத்தில் பிறந்த விசாரசருமர் என்னும் இச்சிறுவர், ஆயன் ஒருவன் பசுவை அடிப்பதைப் பொறாமல் தாமே மாடு மேய்க்கப் போனவர். மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டியவர். அப்பாலைத் தந்தை எச்சதத்தர் காலால் இடறியபோது, கோலை எடுக்க அது மழுவாக மாற, தந்தையின் கால்களைத் துணித்தவர். அவருக்குத் தீக்குளியல் விதிக்கப்படவில்லை. இரத்தம் தோய்ந்த கையோடு இருந்த நிலையிலேயே மாலை கிடைத்தது. தொண்டர்க்கெல்லாம் தலைவராகும் பதவியும் கிடைத்தது. தந்தையின் காலை வெட்டிய அந்தணச் சிறுவர் உள்ளபடியே ஏற்கப்பட, எவருக்கும் எத்தீங்கும் செய்யாத நந்தனார் எரிந்து மாறிய பின்பே ஏற்கப்பட்டது ஏன் என்னும் கேள்விக்குப் புராணத்தில் விடை இல்லை. உரையாசிரியர்கள் சண்டேசரின் செயலைச் சிவத்தின்பொருட்டுச் செய்யப்பட்டதால் பாதகமும் தருமமாயிற்று என்று விளக்குவர். அவ்விளக்கம் சரியென்றே கொண்டாலும், சிவத்தின்பொருட்டுத் தோல் கொடுத்தவரின் தொழிலும் ஏன் தருமமாகவில்லை என்பது மிச்சப்படுகிறது.

புராணத்தில் இல்லாத விடையைச் சித்தாந்தத்தில் தேடலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த சிவஞானபோதத்தைத் தலைநூலாகக் கொண்ட சைவ சித்தாந்தம், அருள் உயிரில் பதிவதைச் சத்திநிபாதம் என்கிறது. அதற்கு முன்னிலையாக இருவினையொப்பும் மலபரிபாகமும் நிகழும் என்கிறது. மலபரிபாகம் என்பது உயிரைப் பற்றிய ஆணவ அழுக்கு முதிர்ந்து கழலும் பக்குவம். இருவினையொப்பு என்பது நல்வினை தீவினை இரண்டின் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒன்றாகக் கொள்ளும் நிலை. இங்கே கவனிக்க வேண்டியது, புண்ணியம் மிகுந்தால் அருள் வரும் என்று சித்தாந்தம் சொல்லவில்லை என்பதே. புண்ணியமும் உயிரைக் கட்டும் வினைதான் என்பதால், இரண்டும் ஒத்து நிற்கும் இடத்திலேயே அருளுக்கு வழி பிறக்கிறது. அப்படியானால் சாதனைகளைக் கூட்டிக் கூட்டி ஒருவன் அருளை வாங்க முடியாது. விக்கெட்டுகளையும் ஓட்டங்களையும் கூட்டி ஒருவன் மனித மதிப்பை வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு, சித்தாந்தத்தின் சொந்தக் கணக்கின்படியே தவறானது.

வைணவம் இவ்வழக்கை இன்னும் கூர்மையாக நடத்தியது. வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார், இறைவன் காப்பதற்கு உயிரின் பக்கமிருந்து ஒரு சிறு முயற்சியாவது வேண்டும் என்பர். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைக் காட்டி அதை மர்க்கட நியாயம் என்பர். பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார், குட்டி எதுவும் செய்யாமல் இருக்கத் தாயே கவ்விக் கொண்டுபோகும் பூனையைக் காட்டி மார்ச்சால நியாயம் என்பர். வடகலையார் வேண்டும் சிறு முயற்சிக்கு ‘வியாஜம்’ என்று பெயர். அருளுக்குக் காரணம் அன்று, அருள் செய்ய ஒரு சாக்கு. விட்டலின் ஆட்டத்தைச் சமூகம் இந்த வியாஜமாகவே பயன்படுத்தியது. முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்வதற்கு அதற்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டது. பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணம் அடியாரின் பிறப்பை ஆராய்வதையே கொடிய குற்றமாகக் கூறுகிறது. இராமாநுசர், வைசியரான திருக்கச்சி நம்பியை விருந்துக்கு அழைத்து அவர் உண்ட மிச்சத்தை உண்ண விரும்ப, அவர் துணைவியார் நம்பிக்கு முன்னதாகவே உணவளித்து, எச்சிலை அப்புறப்படுத்தி, இடத்தைக் கழுவி, நீராடி முடித்ததைக் கண்டு வருந்தினார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். புனேயின் தேநீர் இடைவேளையை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தி புதியதாக இராது. ஆயினும் இவ்வளவு தாராளமான மரபும் ஒரு நிபந்தனையை விடவில்லை: பிறப்பு ஆராயப்படாதவர் அடியாராக இருக்க வேண்டும். திருக்கச்சி நம்பி காஞ்சிப் பெருமாளோடு பேசும் பேறு பெற்றவர். பேசாத வைசியர் ஒருவரை இராமாநுசர் அழைத்திருப்பாரா என்பதை எந்த நூலும் கேட்கவில்லை. குலம் போன இடத்தில் பக்தி வந்து வாயிற்காவல் நின்றது.

விட்டலின் பெயரே பண்டரிபுரத்துத் தெய்வத்தின் பெயர். பதினான்காம் நூற்றாண்டில் அத்தெய்வத்தைப் பாடிய சொக்காமேளர், மகார் குலத்தவர் என்பதால் கோயிலுக்குள் அனுமதிக்கப்படவில்லை; அவர் சமாதி இன்றும் கோயிலின் படிக்கு எதிரே இருக்கிறது. மகாராட்டிரத்தின் மிகச் சிறந்த அடியார்களுள் ஒருவர் என்று அறுநூறு ஆண்டுகள் போற்றப்பட்டும் அவர் குலத்தவருக்கு அக்கோயிலின் கதவு திறக்கவில்லை. பக்தியின் உச்சத்தாலும் திறக்காத அந்தக் கதவு, சானே குருஜி உண்ணாநோன்பு இருந்து வற்புறுத்தியதால் 1947இல் எல்லோருக்கும் திறந்தது. சென்னை மாகாணத்தின் கோயில் நுழைவுச் சட்டமும் அதே ஆண்டில் வந்ததே. அச்சட்டம் நந்தனாரின் பக்தியையோ சொக்காமேளரின் பாடலையோ நுழைவுச் சீட்டாகக் கேட்கவில்லை; சட்டத்தின் சிறப்பே அதுதான். உள்ளே வருபவன் நல்லவனா, பக்தனா, வேடிக்கை பார்க்க வந்தவனா என்று அது வினவுவதில்லை.

பாலூ இந்த வேறுபாட்டை எப்படிப் பார்த்தார் என்பது அவருடைய பிற்கால அரசியலில் தெரிகிறது. 1932 செப்டம்பரில் கையெழுத்தான புனே ஒப்பந்தத்தில், அம்பேத்கரோடும், தமிழகத்தின் எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரோடும், பாலூவும் ஒப்பமிட்டார். 1935இல் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் இயோலாவில் அறிவித்தபோது பாலூ அதை எதிர்த்தார். 1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரையே எதிர்த்து நின்று ஏறத்தாழ 2,000 வாக்குகளில் தோற்றார். இதைப் பதவி ஆசை என்று சுருக்குவது நேர்மையாகாது. மண் குவளையிலிருந்து மாலை மரியாதை வரை தம் வாழ்நாளிலேயே கண்ட ஒருவர், உள்ளே இருந்தே மாற்றலாம் என்று நம்புவதில் வியப்பில்லை; அவருடைய வாழ்க்கையே அவருக்குச் சான்று. ஆனால் அந்தச் சான்று அவருக்கு மட்டுமே பொருந்தியது என்பதை அம்பேத்கர் கண்டார். இடக்கைச் சுழல் பந்து வராத கோடிக்கணக்கானவருக்கு அந்த வழி இல்லை. பாலூ 1955இல் மறைந்தார்; அடுத்த ஆண்டு அக்டோபரில் நாகபுரியில் அம்பேத்கர் தம் மக்களோடு பௌத்தம் தழுவினார். தீட்சாபூமியில் அன்று திரண்டவர்களிடம் எவரும் எத்திறமையையும் கேட்கவில்லை.

இதே வழக்கு அமெரிக்காவில் மதப்பூச்சு இல்லாமல் நடந்தது. அந்நாட்டின் தேசிய ஆட்டமான பேஸ்பாலில் மட்டையாளரின் திறமையை அளக்கும் அளவு, மட்டை வீசக் கிடைத்த வாய்ப்புகளுள் எத்தனை முறை பந்தை அடித்துத் தளத்தை எட்டினார் என்னும் விகிதம். பத்தில் மூன்று முறை எட்டினாலே பெரிய ஆட்டக்காரர். 1905 முதல் 1928 வரை ஆடிய டை காப்பின் விகிதம் 0.367, அதை விஞ்சியவர் இல்லை என்று பல பத்தாண்டுகள் புத்தகங்கள் எழுதின. ஆனால் காப் ஆடிய காலம் முழுவதும் பெருங்கழகங்களில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. எழுதப்படாத அந்தத் தடையால் ஒதுக்கப்பட்டவர்கள், பல்வங்கர் சகோதரர்கள் விலகி நின்ற அதே 1920ஆம் ஆண்டில், தங்களுக்கெனத் தனிக் கழகம் அமைத்துக்கொண்டார்கள். அங்கே ஆடிய ஆஸ்கர் சார்ல்ஸ்டனும் ஜாஷ் கிப்சனும் காப்புக்கு நிகரானவர்கள். கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். மூன்று மாதங்களுக்குள், ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் இறங்கித் தடையை உடைத்தார். 2024இல் பழைய தனிக் கழகங்களின் கணக்குகளும் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்க்கப்பட்டபோது, 0.372 என்ற விகிதத்தோடு கிப்சன் காப்பைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். இறந்து 77 ஆண்டுகள் கழித்து வந்த இந்த நீதியைச் சிலர் பெரிதாகப் பேசினார்கள். உயிரோடிருந்த கிப்சனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஏட்டுக்குத்தான் பயன், அதுவரை பொய்யாக இருந்தது மெய்யாயிற்று.

ராபின்சனும் நந்தனார் வகையினரே. அவரைத் தேர்ந்தவர்கள், ஆட்டத்தில் மட்டுமன்றி ஒழுக்கத்திலும் பொறுமையிலும் எவ்விதக் குறையும் காண முடியாத ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். வசைக்குப் பதில் வசை சொல்லக் கூடாது என்பதும் அவருக்கு இடப்பட்ட நிபந்தனை. சராசரித் திறமையும் முன்கோபமும் உடைய வெள்ளையர் எத்தனையோ பேர் அக்கழகங்களில் தடையின்றி ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், அந்த நிபந்தனையின் அநீதி விளங்கும். ஒதுக்கப்பட்டவன் உள்ளே வர உத்தமனாக இருக்க வேண்டும். உள்ளே பிறந்தவன் எப்படியும் இருக்கலாம். சண்டேசரையும் நந்தனாரையும் பிரித்த கோடு இதுவே.

ஆகவே விட்டலின் வெற்றியை வைத்து, திறமைக்குச் சாதி இல்லை என்று முடிப்பது பாதி உண்மை மட்டுமே. திறமைக்குச் சாதி இல்லாமல் இருக்கலாம். திறமையின்மைக்குச் சாதி இருந்தது. பத்து ஓட்டம் எடுத்து ஆட்டமிழக்கும் உயர்குலத்தவர் அடுத்த ஆண்டும் இந்து அணியில் இடம் பெற்று, பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்தலாம். பத்து ஓட்டம் எடுக்கும் பல்வங்கரை அந்த அணி அறிந்திராது. சமத்துவம் வந்துவிட்டதா என்று சோதிக்க விரும்புவோர் மிகச் சிறந்தவரைத் தேடிச் செல்லாமல், நடுத்தரமான ஒருவரைத் தேட வேண்டும். அமெரிக்கப் பேஸ்பாலில் அப்படி ஒருவரின் பெயரும் நாளும் பதிவாகி இருக்கின்றன. அன்றிருந்த பதினாறு பெருங்கழக அணிகளுள் கறுப்பினத்தவரைக் கடைசியாகச் சேர்த்துக்கொண்டது பாஸ்டன் அணி. 1959 ஜூலை 21 அன்று, ராபின்சன் ஆடி ஓய்வும் பெற்றுவிட்ட பிறகு, பம்ப்சி கிரீன் என்பவர் அதன் சார்பில் களம் இறங்கினார். அவர் ஐந்து பருவங்கள் ஆடினார். மட்டை விகிதம் 0.246; காப்பின் பெயரோடோ கிப்சனின் பெயரோடோ சேர்த்துப் பேச எவரும் அவரை எண்ணியதில்லை. அந்த அணியின் கதவு திறந்தது என்று சொல்லத் தக்க நாள் அதுவே.